பிரெஞ்சு போலீஸ் ஆக்‌ஷன் திரில்லர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு போலீஸ் படம் ஒன்றைப் பாருங்கள் என்று யாரிடம் சொன்னாலும் திரும்பி வரும் கேள்விகள் அநேகமாக ஒன்றுதான். பல பேர் பல தடவை கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய சந்தேகங்கள் முன்னால், சிக்கலானவை பின்னால். படங்களை நமக்குப் பழகிய ஆங்கிலப் பெயரிலேயே பெரும்பாலும் குறிப்பிடுகிறேன். ஓடிடியில் தேட அதுதான் வசதி. கதை முடிவுகளைச் சொல்லவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

பிரெஞ்சுப் படம்னாலே மெதுவா, உட்கார்ந்து பேசிக்கிட்டே இருப்பாங்களே. அங்க ஆக்‌ஷன் படமெல்லாம் எடுக்கிறாங்களா?

நன்றாகவே எடுக்கிறார்கள். திரைப்பட விழாக்கள் வழியாக நம்மிடம் வந்து சேரும் படங்கள் ஒரு வகை. உள்ளூர் ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கும் படங்கள் இன்னொரு வகை. இரண்டாவதில் போலீஸ் படத்துக்குப் பல தலைமுறைகளாகத் தனி இடம் உண்டு. 'போலார்' என்று செல்லப்பெயரே வைத்திருக்கிறார்கள். ழான்-போல் பெல்மோந்தோவும் அலென் டெலோனும் அங்கே பெரிய நட்சத்திரங்களாக நின்றதில் போலீஸ், திருடன் கதைகளுக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

இப்போது நாம் பேசும் வேகமான வகை 2000க்குப் பிறகு சூடு பிடித்தது. பிரெட் கவாயே, ஒலிவியே மார்ஷல், செட்ரிக் ஜிமெனெஸ், கியோம் பியெரே ஆகிய இயக்குநர்களின் பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பாதிப் பட்டியல் கைக்கு வந்துவிடும். ஜிமெனெஸின் 'பாக் நோர்' 2021இல் பிரான்ஸில் வெளியானபோது 20 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது. தியேட்டர்கள் கொரோனாவிலிருந்து மீண்டுகொண்டிருந்த நேரத்தில் அது பெரிய கூட்டம்.

நான் ஒண்ணு கூடப் பார்த்ததில்ல. எதுல ஆரம்பிக்கலாம்?

'பாயிண்ட் பிளாங்க்', 2010, பிரெட் கவாயே இயக்கியது. மொத்தமே 84 நிமிடம். இதே கதையை இதே பெயரில் 2019இல் ஆங்கிலத்திலும் எடுத்திருக்கிறார்கள், அதனால் ஆண்டைப் பார்த்து அழுத்துங்கள்.

சாமுவேல் பாரிஸில் ஒரு மருத்துவமனையில் செவிலியர் உதவியாளர், செவிலியர் ஆவதற்குப் படித்துக்கொண்டிருப்பவர். மனைவி நிறைமாத கர்ப்பிணி. இரவுப் பணியில் ஒரு நோயாளியின் சுவாசக் கருவியை யாரோ துண்டித்துவிட, சாமுவேல் அவரைக் காப்பாற்றுகிறார். மறுநாள் அவர் மனைவியைக் கடத்தி வைத்துக்கொண்டு ஒருவன் போன் செய்கிறான்: அந்த நோயாளியை வெளியே கொண்டு வா. நோயாளி ஒரு குற்றவாளி, வாசலில் போலீஸ் காவல். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இவ்வளவும் நடந்துவிடும். அதற்கப்புறம் யாரும் உட்காருவதில்லை.

சப்டைட்டில் படிச்சுக்கிட்டே ஆக்‌ஷன் படம் எப்படிங்க பார்க்கிறது?

இந்த வகைப் படங்களில் வசனம் குறைவு. அவசரமான கட்டங்களில் பேச்சே இருக்காது, இருந்தாலும் "ஓடு", "எங்கே?", "கதவை மூடு" அளவில்தான். சப்டைட்டில் தொல்லை என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில்தான் அப்படி நினைக்கிறார்கள்.

ஆங்கில டப்பிங்கைத் தவிர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஓடிக் களைத்தவனின் மூச்சும் அடிபட்டவனின் முனகலும் சேர்ந்துதான் இந்தப் படங்களின் நடிப்பு. ஸ்டுடியோவில் நின்று வேறொருவர் பேசியதை அதன்மேல் ஒட்டினால் பாதிப் படம் போய்விடும்.

அப்படி என்ன வேகம் அது? ஹாலிவுட்ல இல்லாததா?

இந்தப் பக்கத்தையே எழுத வைத்த கேள்வி இது. ஹாலிவுட்டின் பெரிய ஆக்‌ஷன் படங்களில் வேகம் என்றால் பெரும்பாலும் அளவு: பெரிய வெடிப்பு, பெரிய பாலம், ஐந்து நாடுகள். பிரெஞ்சுக்காரர்கள் நேரத்தைச் சுருக்குகிறார்கள். 'பாயிண்ட் பிளாங்க்' கதையின் பெரும்பகுதி ஒரு பகலும் கொஞ்சமும். 'ஸ்லீப்லெஸ் நைட்' (2011, பிரெதெரிக் ஜார்தேன்) ஓர் இரவு, அதுவும் பெரும்பாலும் ஒரே கட்டடத்துக்குள். இத்தனை மணிக்குள் இது நடந்தாக வேண்டும் என்ற கெடு கதைக்குள்ளேயே இருக்கும்போது, ஒருவன் லிஃப்டுக்காகக் காத்து நிற்பதே நமக்குப் பதற்றமாக இருக்கும்.

அடுத்தது உடம்பு. இந்த நாயகர்கள் களைத்துப் போகிறார்கள். 'பாயிண்ட் பிளாங்க்' மெட்ரோ துரத்தலைப் பாருங்கள். சாமுவேலுக்குப் பின்னால் போலீஸ். சுரங்க வழிகள், படிக்கட்டுகள், கூட்டம். சாமுவேலாக நடிக்கும் ழில் லெலூஷ் சாதாரண உடல்வாகு கொண்ட, முப்பதுகளின் கடைசியில் இருக்கும் ஒரு மனிதராகத்தான் அங்கே ஓடுகிறார். ஓட ஓட நடை குலைகிறது, வாய் திறந்தே இருக்கிறது, கைகள் தாறுமாறாக வீசுகின்றன. துரத்தும் போலீஸ்காரர்களும் களைக்கிறார்கள். இவன் பிடிபடுவானா என்ற கேள்வியோடு, இவன் கால் இன்னும் எத்தனை படி தாங்கும் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. பல கோடி ரூபாய் வெடிப்பில் எனக்கு இந்தப் பயம் வந்ததில்லை.

மூன்றாவது, முன்கதை கிடையாது. நாயகனின் குழந்தைப் பருவம், அவன் தம்பியின் மரணம், காதல் மலர்ந்த விதம் எதையும் தனியாகச் சொல்ல மாட்டார்கள். ஒருவன் மனைவியின் வயிற்றில் கை வைக்கும் ஒரு காட்சி போதும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் 84 நிமிடத்தைச் சாத்தியமாக்குகிறது.

'தூங்காவனம்' பிரெஞ்சுப் படத்தோட ரீமேக்னு சொல்றாங்களே, நிஜமா?

ஆமாம். மேலே சொன்ன 'ஸ்லீப்லெஸ் நைட்'தான் கமல்ஹாசன் நடிப்பில், ராஜேஷ் எம். செல்வா இயக்கத்தில் 2015இல் 'தூங்காவனம்' ஆனது. தெலுங்கில் அதுவே 'சீகட்டி ராஜ்யம்'. 2017இல் ஹாலிவுட்டிலும் ஜேமி ஃபாக்ஸை வைத்து எடுத்தார்கள். அதே ராஜேஷ் எம். செல்வா 2019இல் விக்ரமை வைத்து எடுத்த 'கடாரம் கொண்டான்' நம் 'பாயிண்ட் பிளாங்க்'தான். பாரிஸ் கோலாலம்பூர் ஆனது.

அப்போ தமிழ்லயே பார்த்துட்டேனே. மூலத்தையும் பார்க்கணுமா?

பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முடிவுகள் எங்கே மாறின என்று புரியும். 'தூங்காவனம்' மூலத்துக்கு ரொம்ப நெருக்கம். போதைப்பொருள் பையைத் திருடிய போலீஸ்காரர், கடத்தப்பட்ட மகன், இரவு விடுதி, கழிவறையில் ஒளித்து வைத்த பை காணாமல் போவது, சமையலறை மாவை வைத்துச் சமாளிப்பது என்று எல்லாமே இருக்கிறது. சமையலறைச் சண்டை இரண்டிலும் உண்டு. பிரெஞ்சில் அது இன்னும் அசிங்கமாக, இன்னும் நெருக்கமாக இருக்கும். இரண்டு களைத்த ஆண்கள் கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து மோதிக்கொள்கிறார்கள். அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் டாம் ஸ்டெர்ன், கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் படங்களுக்குத் தொடர்ந்து ஒளிப்பதிவு செய்தவர். விடுதியின் நெரிசலுக்குள் கேமரா நாயகனின் தோளை விட்டு விலகவே விலகாது.

'கடாரம் கொண்டான்' விஷயம் வேறு. மூலத்தில் கதை சாமுவேலுடையது, ஒன்றும் தெரியாத அந்த மருத்துவமனை ஊழியனுடையது. தமிழில் அந்த இடத்தில் அபி ஹாசன் நடித்த இளம் மருத்துவர் இருக்கிறார். ஆனால் கதையின் பாரம் அடிபட்டுக் கிடக்கும் மனிதர் மேல், அதாவது விக்ரம் மேல் ஏறிவிட்டது. விக்ரம் அட்டகாசமாக இருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் எதையும் சமாளிக்கக்கூடிய ஒருவர் நடுவில் வந்து நின்றதும், சாமானியன் ஓடும்போது நமக்கு வந்த நடுக்கம் குறைகிறது. 84 நிமிடக் கதை இரண்டு மணி நேரமாக நீண்டதும் அதோடு சேர்ந்துகொண்டது.

பேசுறதெல்லாம் சரி, யார் யார்னே புரியலையே. பாக், பிஆர்ஐ, ஜாந்தார்ம்... எத்தனை போலீஸ்தான் இருக்கு அங்க?

அடிப்படையில் இரண்டு. நகரங்களில் தேசிய போலீஸ். கிராமங்கள், சிறு ஊர்கள், நெடுஞ்சாலைகளில் பெரும்பாலும் ஜாந்தார்மெரி. இது ராணுவத்தின் ஓர் அங்கம், 2009 முதல் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வேலை செய்கிறது. பாரிஸுக்கு வெளியே வயல் நடுவே நீலச் சீருடையில் வந்து நிற்கிறார்கள் என்றால் அநேகமாக ஜாந்தார்ம்கள்.

போலீஸுக்குள் படங்களில் அதிகம் வருவது சில பிரிவுகள்தான். பாக் என்பது தெருக் குற்றங்களுக்கான பிரிவு: ஜீன்ஸ், ஸ்னீக்கர், சாதாரணக் காரில் மூன்று பேர். பிஆர்பி ஆயுதக் கொள்ளைகளைப் பார்க்கிறது. பிஆர்ஐ, 1964இல் உருவானது, கொள்ளைக் கும்பல்களைப் பின்தொடர்ந்து கையும் களவுமாகப் பிடிப்பதற்கு, 'ஆன்டிகாங்' என்பார்கள். முகமூடி, கேடயத்தோடு கதவை உடைத்துப் போகிறவர்கள் போலீஸில் 'ரெய்டு' என்ற பிரிவு, ஜாந்தார்மெரியில் ஜிஐஜிஎன். எல்லோரையும் விடப் படங்களில் போலீஸ்காரர்கள் பயப்படுவது ஐஜிபிஎன்னுக்கு. அது போலீஸையே விசாரிக்கும் போலீஸ்.

இன்னொன்று. சாதாரண உடையில் இருப்பவர்கள் கைது செய்யப் போகும் முன் சட்டைப் பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பட்டையை எடுத்துக் கையில் மாட்டுவார்கள், அதில் போலீஸ் என்று எழுதியிருக்கும். அது மாட்டப்பட்டால் மோதல் வரப்போகிறது என்று அர்த்தம். பல இயக்குநர்கள் பின்னணி இசையே இல்லாமல் அந்தப் பட்டையை மட்டும் காட்டிப் பதற்றத்தை ஏற்றுவார்கள்.

போலீஸ் ஸ்டேஷன்ல நீதிபதி ஏன் வழக்கையே நடத்துறார்? அவர் தீர்ப்பு சொல்றவர் இல்லையா?

அவர் புலனாய்வு நீதிபதி. பிரான்ஸில் பெரிய குற்ற வழக்குகளில் விசாரணையை வழிநடத்துவது இவர்தான். தீர்ப்புச் சொல்வது வேறு நீதிபதிகள். யாரை விசாரிப்பது, எந்த போனை ஒட்டுக் கேட்பது என்பதெல்லாம் இவர் கையெழுத்தில் நகரும். அதனால் கதையில் போலீஸ்காரருக்கு மேலதிகாரி ஒருவர், நீதிபதி ஒருவர் என்று இரண்டு பக்கமும் இழுபறி இருக்கும். ஒருவரைக் காவலில் வைத்து விசாரிக்க வழக்கமாக 24 மணி நேரம், நீட்டித்தால் 48; திட்டமிட்ட கும்பல் குற்றம் என்றால் 96 வரை போகும். படங்களில் யாராவது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டால் இந்தக் கெடுதான் காரணம். முன்பு சொன்ன நேர நெருக்கடி அங்கே சட்டத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

ஏன் எல்லாப் படத்துலயும் போலீஸ்காரனே கெட்டவனா இருக்கான்?

எல்லாப் படத்திலும் இல்லை, ஆனால் பலவற்றில் உண்மைதான். 'பாயிண்ட் பிளாங்க்', 'ஸ்லீப்லெஸ் நைட்', 'லாஸ்ட் புல்லட்' (Lost Bullet) மூன்றிலும் ஆபத்து போலீஸ் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிறது. திரைக்கதைக்கு இது பெரிய வசதி. நாயகன் யாரிடம் போய்ச் சொல்வது என்ற வழியே அடைபட்டுவிடுகிறது. நூறு எண்ணுக்கு போன் செய்தால் தீர்ந்துவிடும் என்ற நிலை இருந்தால் அவன் ஓட வேண்டியதே இல்லையே.

அதைவிட முக்கியமான காரணம் ஒலிவியே மார்ஷல். இவர் 1980களில் நிஜமாகவே போலீஸில் வேலை பார்த்தவர், அப்புறம்தான் சினிமா. 2004இல் வந்த அவருடைய '36' படம் இந்த வகைக்கே புது முகம் கொடுத்தது. பாரிஸ் குற்றப் புலனாய்வுத் துறையின் தலைமையகம் நீண்ட காலம் சென் நதிக் கரையில் 36ஆம் எண் கட்டடத்தில் இருந்தது, படத்தின் பெயர் அதுதான். பிஆர்ஐ தலைவராக தானியேல் ஓத்தேய், பிஆர்பி தலைவராக ழெரார் தெபார்தியூ. இருவருக்கும் ஒரே நாற்காலி மேல் கண். ஊரில் ஒரு கொள்ளைக் கும்பல் ஆட்டம் போடுகிறது, யார் பிடிக்கிறாரோ அவருக்குப் பதவி. கொள்ளையர்களை விட இந்தப் பதவிப் போட்டிதான் அதிகம் பேரைக் கொல்கிறது. தூக்கம் கெட்ட கண்கள், உடைந்த குடும்பம், அலுவலகத்திலேயே குடி என்று மார்ஷல் காட்டும் போலீஸ்காரர்கள், வெளியிலிருந்து கற்பனை செய்தவர்கள் மாதிரி இருக்க மாட்டார்கள்.

மார்ஷல் பின்னர் உருவாக்கிய 'பிராக்கோ' தொடரும் (2009) இதே இருட்டுதான். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க வேண்டாம், மனம் கனத்துவிடும்.

கார் சேஸ் எல்லாம் நிஜமா ஓட்டி எடுக்கிறாங்களா, கிராபிக்ஸா?

கணிசமாக நிஜம். பிரான்ஸில் இதற்கு ஒரு பரம்பரை இருக்கிறது. 1975இல் வந்த 'ஃபியர் ஓவர் தி சிட்டி' படத்தில் பெல்மோந்தோ, பிர்-ஹக்கெம் பாலத்தின் மேல் போகும் மெட்ரோ ரயிலின் கூரையில் தானே ஏறி நின்றார். கலெரி லஃபாயெத் கடையின் கூரையிலும் டூப் இல்லாமல் தாவினார். கார்களுக்கு ரெமி ழூலியென் என்று ஒரு மேதை இருந்தார், 2021இல் காலமானார். ஜேம்ஸ் பாண்ட் படங்கள் ஆறுக்குக் கார் சாகசங்கள் அமைத்தவர்.

இன்று அந்த வழியில் வருபவர் கியோம் பியெரே. 'லாஸ்ட் புல்லட்' (2020) நாயகன் லினோ ஒரு மெக்கானிக். சிறையிலிருந்து வந்து போலீஸ் கார்களைப் பலப்படுத்திக் கொடுக்கிறான். ஸ்பெயினிலிருந்து போதைப்பொருள் ஏற்றிக்கொண்டு இரவில் அசுர வேகத்தில் வரும் கார்களை அங்கே 'கோ-ஃபாஸ்ட்' என்பார்கள். அவற்றை மடக்கும் போலீஸ் பிரிவில்தான் லினோவுக்கு வேலை. அவனைப் பிரிவுக்குள் கொண்டுவந்த அதிகாரியைக் கொன்று பழியை இவன் மேல் போடுகிறார்கள். அவரைக் கொன்ற குண்டு ஒரு பழைய சிவப்பு ரெனோ 21 காரில் பதிந்து கிடக்கிறது, அதைக் கண்டுபிடித்தால்தான் தப்பிக்கலாம். ரெனோ 21 நம் ஊரில் அம்பாசடர் மாதிரி, ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பங்கள் ஓட்டிய வண்டி. அதை நாயகனின் ஆயுதமாக்கியதில் எனக்கு அவ்வளவு பிரியம். லினோவாக வரும் அல்பான் லெனுவார் சண்டைக் கலைஞராகப் பயின்றவர். போலீஸ் அலுவலகத்திலிருந்து மேசை நாற்காலிகளுக்கு நடுவே ஒரு கும்பலையே இடித்துத் தள்ளிக்கொண்டு அவர் வாசலை நோக்கிப் போகும் காட்சி ஒன்று போதும். அங்கே அவர் யாரையும் ஜெயிக்க நினைக்கவில்லை. கதவு மட்டும்தான் குறி.

நிஜத்துக்கு ஒரு விலையும் உண்டு. 1999இல் பாரிஸில் 'டாக்ஸி 2' படப்பிடிப்பின்போது தாவிய கார் தவறாக இறங்கி, ஒளிப்பதிவுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் உயிரிழந்தார். கிராபிக்ஸ் இல்லை என்று கைதட்டும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு காட்சிக்காக யாரும் சாகக் கூடாது. பாதுகாப்புக்காகக் கணினி உதவியை எடுத்துக்கொண்டால் எனக்குப் படம் ஒன்றும் குறைந்துவிடாது.

'டேக்கன்', 'டிரான்ஸ்போர்ட்டர்' எல்லாம் இதுல சேர்த்தியா?

தயாரிப்பு பிரெஞ்சுதான், லுக் பெசோனின் நிறுவனம். 'டேக்கன்' இயக்கிய பியேர் மொரெல்தான் அதற்கு முன் 2004இல் 'டிஸ்ட்ரிக்ட் பி13' எடுத்தார். சுவர், கூரை என்று தாவி ஓடும் பார்க்கூர் கலையை உருவாக்கியவரான டேவிட் பெல் அதில் நடித்திருக்கிறார், சுவர்களில் ஓடுவது அவரே. ஆனால் 'டேக்கன்' நாயகனுக்கு எதுவுமே கடினமில்லை. களைப்பு பற்றி மேலே சொன்னது அங்கே பொருந்தாது. பிடித்தால் பாருங்கள், நான் பேசுவது வேறு வகை.

எப்பப் பார்த்தாலும் மார்சே. வேற ஊரே இல்லையா?

பாரிஸ் இருக்கிறது, லியோன் இருக்கிறது. 'லாஸ்ட் புல்லட்' தெற்குக் கடலோரத்தில் செத் நகரப் பக்கம் எடுக்கப்பட்டது. ஆனாலும் மார்சே திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய துறைமுகம். 1950கள் தொடங்கி 70களின் தொடக்கம் வரை துருக்கியிலிருந்து வந்த சரக்கைச் சுற்றுவட்டார ரகசியக் கூடங்களில் ஹெராயினாக்கி அமெரிக்காவுக்கு அனுப்பிய வலைப்பின்னலுக்கு இதுதான் மையம். அதை எதிர்த்துப் போராடிய புலனாய்வு நீதிபதி பியேர் மிஷெல் 1981 அக்டோபர் 21 அன்று மோட்டார் சைக்கிளில் வந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2014இல் வந்த 'தி கனெக்‌ஷன்' அவர் கதை, ழான் துழார்தேன் நடித்தது.

காட்சிக்கும் அந்த ஊர் தோதானது. வெயில், வெள்ளைப் பாறை, கடல், அதன் பின்னணியில் வடக்குப் பகுதியின் உயரமான அடுக்குமாடிகள். போலீஸ் படம் என்றால் மழையும் இருட்டும் என்ற பழக்கத்தை மார்சே உடைத்துவிட்டது.

இப்போ நெட்ஃபிளிக்ஸ்ல மட்டும் ஏன் இவ்வளவு பிரெஞ்சு போலீஸ் படம் குவியுது?

சட்டம் ஒரு காரணம். 2021 முதல் பெரிய ஓடிடி நிறுவனங்கள் பிரான்ஸில் ஈட்டும் வருவாயில் குறைந்தது 20 சதவீதத்தை ஐரோப்பிய, பிரெஞ்சுப் படைப்புகளில் போட்டாக வேண்டும். அங்கே தொலைக்காட்சிகளுக்கும் இப்படியான கடமை நீண்ட காலமாக உண்டு. போலீஸ் படம் மொழி தாண்டி ஓடும் என்பதால் பணத்தில் ஒரு பகுதி இங்கே வருகிறது. எண்ணிக்கை கூடினால் சுமாரான படங்களும் கூடும். இயக்குநர் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பழைய மெல்வில் படங்களையும் பார்க்கச் சொல்றாங்க. அது நத்தை மாதிரி போகுதே?

மெதுவாகத்தான் போகும். ஆனால் வசனமில்லாமல் ஒரு வேலையைக் காட்டி மூச்சைப் பிடிக்க வைக்கும் கலையை இன்றைய இயக்குநர்கள் அங்கிருந்துதான் எடுத்தார்கள். ழான்-பியேர் மெல்வில் 1970இல் எடுத்த 'லு செர்க்ள் ரூழ்' படத்தில் ஒரு நகைக்கடைக் கொள்ளை கிட்டத்தட்ட 25 நிமிடம் பேச்சே இல்லாமல் நடக்கும். அந்த ஒரு பகுதியைப் பார்த்துவிட்டு 'ஸ்லீப்லெஸ் நைட்' கழிவறைக் காட்சியைப் பாருங்கள், உறவு தெரியும். முழுப் படமும் பிடிக்கவில்லை என்றால் கட்டாயமில்லை.

பெண் போலீஸ் யாருமே இல்லையா இதுல?

படங்களைப் பொறுத்தவரை இது உண்மையான குறை. மனைவி, கடத்தப்பட்டவள், சில நேரம் உதவி அதிகாரி என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். 'ஸ்லீப்லெஸ் நைட்' படத்தில் பையை இடம் மாற்றும் இளம் பெண் அதிகாரியால்தான் கதையே புரள்கிறது, ஆனாலும் அவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு.

நல்ல பதில் வேண்டுமென்றால் தொடருக்குப் போங்கள். 'ஸ்பைரல்' 2005 முதல் 2020 வரை எட்டு சீசன். கேப்டன் லோர் பெர்தோவாக வரும் கரோலின் புரூஸ்ட் கோபம், அவசரம், தவறு எல்லாம் உள்ள முழு மனுஷியாக வாழ்ந்திருக்கிறார். புலனாய்வு நீதிபதி பற்றிய மேலுள்ள பதிலை நேரில் பார்க்கவும் இதுதான் சிறந்த இடம்.

உண்மைச் சம்பவம்னு போடுறாங்களே, எவ்வளவு நம்பலாம்?

சட்டகத்தை நம்பலாம், ஆட்களை அப்படியே நம்பக் கூடாது. 1994 டிசம்பரில் அல்ஜியர்ஸில் கடத்தப்பட்ட ஏர் பிரான்ஸ் விமானத்தை மார்சே விமான நிலையத்தில் ஜிஐஜிஎன் மீட்டதைப் பற்றிய 'தி அசால்ட்' படத்தில், அன்று தொலைக்காட்சி நேரலையில் உலகம் பார்த்த நிகழ்வின் வடிவம் அப்படியே இருக்கிறது. வீரர்களின் வீட்டுக் காட்சிகள் கற்பனை கலந்தவை.

2015 பாரிஸ் தாக்குதலுக்குப் பிந்தைய ஐந்து நாள் தேடலைச் சொல்லும் ஜிமெனெஸின் 'நவம்பர்' (2022) இன்னொரு பாடம். தாக்குதலைக் காட்டவே இல்லை, அது சரியான முடிவு. ஆனால் போலீஸுக்கு முக்கியத் தகவல் கொடுத்த பெண்ணைப் படத்தில் தலையை மூடிய உடையில் காட்டினார்கள். நிஜத்தில் அவர் அப்படி உடுத்துபவர் அல்ல. உயிரைப் பணயம் வைத்துப் பேசிய அவர் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, படத்தின் முடிவில் அதைத் தெளிவுபடுத்தும் குறிப்பு சேர்க்கப்பட்டது. படம் முடிந்ததும் அணைத்துவிடாமல் அந்த எழுத்துகளைப் படியுங்கள்.

போலீஸ் அடாவடியை நியாயப்படுத்துற படங்கள்தானே இது?

நியாயமான சந்தேகம், பிரான்ஸிலேயே இதைப் பற்றிக் கடுமையாக விவாதித்தார்கள். 'பாக் நோர்' படத்துக்கு அடிப்படை 2012இல் மார்சே வடக்குப் பகுதி பாக் பிரிவில் வெடித்த ஊழல் விவகாரம். அந்தப் பிரிவையே கலைத்தார்கள். படத்தில் மூன்று போலீஸ்காரர்கள் தகவல் கொடுக்கும் பெண்ணுக்குத் தருவதற்காகக் கஞ்சா சேர்க்கிறார்கள், அப்புறம் அதற்காகவே கைதாகிறார்கள். எடுத்த விதம் அபாரம். அடுக்குமாடிக்குள் நுழையும் அந்த நீண்ட சோதனைக் காட்சியில் கை வியர்க்கும். ஆனால் குடியிருப்புவாசிகள் பெரும்பாலும் முகமில்லாத கூட்டமாகவே வருகிறார்கள். கேமரா கடைசிவரை காருக்குள்தான் இருக்கிறது. இது படத்தின் குறை என்பதே என் கருத்து.

அதோடு சேர்த்து லாஜ் லீயின் 'லெ மிசெராப்ள்' (2019) பாருங்கள். கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. அதிலும் பாக் பிரிவின் மூன்று பேர், அதிலும் ஒரு கார். ஆனால் இயக்குநர் அந்தப் படம் நடக்கும் மோன்ஃபெர்மெய் குடியிருப்பிலேயே வளர்ந்தவர், போலீஸை அங்கே நிஜமாகவே கேமராவில் பதிவு செய்துவந்தவர். ஒரு சிறுவன் மேல் போலீஸ் சுட்டதை டிரோன் வைத்திருக்கும் இன்னொரு சிறுவன் படம் பிடித்துவிடுகிறான், அதிலிருந்து கதை ஓடுகிறது. வேகம் கொஞ்சமும் குறையவில்லை. மாடியில் இருப்பவர்களுக்கும் பெயர், முகம், கோபம் இருக்கிறது.

வீட்டுல பிள்ளைங்களோட பார்க்கலாமா?

வேண்டாம். ரத்தம், கெட்ட வார்த்தை, போதைப்பொருள் எல்லாம் தாராளம். மார்ஷல் படங்களில் பெரியவர்களுக்கே கண்ணை மூடத் தோன்றும் காட்சிகள் உண்டு. சேர்ந்து பார்க்க வேண்டுமென்றால் 1998இல் வந்த முதல் 'டாக்ஸி' தேவலாம், அது நகைச்சுவை கலந்தது. அதையும் வளர்ந்த பிள்ளைகளோடு.

யோசிச்சுப் பார்த்தா கதையில ஓட்டை இருக்கே. இவ்வளவு நடந்தும் யாருக்கும் தெரியாதா?

இருக்கிறது. 'பாயிண்ட் பிளாங்க்' கடைசிப் பகுதியில் பாரிஸ் முழுக்க ஒரே நேரத்தில் குற்றங்களை நடத்திவிட்டு, போலீஸ் தலைமையகம் சந்தைக்கடை மாதிரி நிரம்பி வழியும்போது உள்ளே நுழைகிறார்கள். நிஜத்தில் நடக்குமா என்றால் நடக்காது. ஆனால் அந்தக் கூட்டத்தில், கைவிலங்கோடு நிற்பவர்கள், கத்துபவர்கள், போன் மணிகளுக்கு நடுவே ஒருவன் தேடிக்கொண்டு போகும்போது எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை.

இந்தப் படங்களில் நான் கணக்குக் கேட்பது வேறு இடத்தில். 'ஸ்லீப்லெஸ் நைட்' நாயகனுக்குத் தொடக்கத்திலேயே கத்திக்குத்து விழுகிறது. இரவு முழுக்க அந்தக் காயம் அவனோடு இருக்கிறது: குனியும்போது கை அங்கே போகிறது, சண்டைக்கு நடுவில் கசிகிறது, மகனைத் தேடி ஓடும்போது காலை இழுக்கிறது. சந்தர்ப்பங்கள் கதைக்குத் தோதாக அமைந்தால் பரவாயில்லை, காயம் மட்டும் காட்சிக்குக் காட்சி மறந்து போகக் கூடாது. இரண்டாவது தடவை பார்க்கும்போது கதை தெரிந்திருக்கும் என்பதால் அந்தக் கையை மட்டும் கவனியுங்கள். நாயகனாக நடித்த தோமர் சிஸ்லே ஒரு காட்சியில்கூட அதை மறக்கவில்லை.